வகுக்கும் எண் எங்கே?

மகள் வயிற்றுப் பேரன் பாரீசுக்குப் பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறான். வயது பதினேழு. கால்பந்துப் பைத்தியம். அது என் பக்கத்துச் சொத்து என்று என் மனைவி சொல்வாள். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். 1984-ல் யூரோ கோப்பையில் மிஷேல் பிளாட்டினி ஆடிய ஆட்டத்தைப் பற்றி நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். பையன் கைப்பேசியை எடுத்து ஒரு பட்டியலைக் காட்டினான்.

“ரொனால்டோ 14, பிளாட்டினி 9. பிளாட்டினி ரெண்டாவதுதான் தாத்தா. நம்பர் பொய் சொல்லாது.”

இதே வார்த்தையை முப்பத்தாறு வருட சர்வீசில் எத்தனை மேலதிகாரிகள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்! நம்பர் பொய் சொல்லாது, சரி. பட்டியல் சொல்லும். எந்தப் பத்தியை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டார்கள் என்று பார்க்காதவரை அந்தப் பொய் கண்ணுக்குத் தெரியாது. எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு இது நன்றாகவே தெரியும். விட்டவன் பல சமயம் அவனேதான்.

அந்தப் பட்டியலில் விட்டுப்போனது, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. ரொனால்டோ 2004 முதல் 2024 வரை ஆறு யூரோக்களில் 30 ஆட்டம் ஆடி 14 கோல் போட்டார். பிளாட்டினி ஒரே ஒரு யூரோவில், ஐந்தே ஆட்டத்தில் 9 கோல் போட்டார். டென்மார்க்குக்கு ஒன்று, பெல்ஜியத்துக்கு மூன்று, யூகோஸ்லாவியாவுக்கு மூன்று, அரை இறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராகக் கூடுதல் நேரம் முடியப்போகும் 119-வது நிமிடத்தில் ஒன்று, இறுதியில் ஸ்பெயினுக்கு ஒன்று. ஒரு ஆட்டம்கூடக் கோல் இல்லாமல் போகவில்லை. பிரான்ஸ் அந்தத் தொடரில் போட்டதே மொத்தம் 14 கோல்தான். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஐந்து. அவரோ முன்கள ஆட்டக்காரர்கூட இல்லை, நடுக்களத்தில் ஆடுகிறவர்.

போர்ச்சுகல் ஆட்டம் நடந்த அன்று நள்ளிரவு தாண்டியும் சிற்றலை வானொலியில் பிரெஞ்சு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த 119-வது நிமிடத்தில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் திருடன் வந்துவிட்டான் என்று விளக்கைப் போட்டார். அது கிடக்கட்டும்.

எனக்கு ஆரம்பப் பள்ளியிலிருந்தே பிரெஞ்சு வழிப் படிப்பு. கணக்கு வாத்தியாரை ‘மெசியே’ என்றுதான் அழைப்போம். அவர் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் ‘ரேக்ள் தெ த்ருவா’. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நேர்விகிதக் கணக்கு. மூன்று மீட்டர் துணி இத்தனை ஃபிராங்க் என்றால் ஐந்து மீட்டர் எத்தனை? விலையை மட்டும் எழுதி மீட்டரை எழுதாமல் விட்டால், விடை சரியாக இருந்தாலும் மெசியே அதற்கு முட்டைதான் போடுவார். அந்த விதிப்படி ரொனால்டோவுக்கு ஐந்து ஆட்டத்துக்கு 2.33 கோல் வருகிறது. பிளாட்டினிக்கு 9. முப்பது ஆட்டம் ஆடியிருந்தால் பிளாட்டினி 54 கோல் அடித்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன்; விகிதக் கணக்கை அப்படி நீட்டுவது வேறொரு மோசடி. அவர் அந்த ஒரு தொடரோடு சரி. ஆனால் 14, 9 என்று இரண்டு எண்களை மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, மேலே இருப்பவன் பெரியவன் என்பது எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு?

பையன் சும்மா விடவில்லை. “அவரும் ஆறு யூரோ ஆடியிருக்கணும், யார் வேண்டாம்னா?” என்றான்.

யார் வேண்டாம் என்றார்கள் என்பதுதான் விஷயம். 1960 முதல் 1976 வரை இறுதித் தொடரில் நான்கே அணிகள். கோப்பையை வென்றவனுக்கும் இரண்டு ஆட்டம்தான். (1968-ல் இத்தாலிக்கு மட்டும் மூன்று, இறுதி ஆட்டம் 1-1 என்று முடிந்ததால் இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடினார்கள். அரை இறுதியில் அவர்கள் சோவியத் யூனியனைத் தாண்டியது காசு சுண்டிப்போட்டு. அதையும் இந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை.) 1980-ல் எட்டு அணியானது, 1996-ல் பதினாறு, 2016-ல் இருபத்துநான்கு. இப்போது கோப்பை வெல்ல ஏழு ஆட்டம். பிளாட்டினி ஆடிய ஐந்துதான் அன்றைக்கு ஒருவர் ஆடக்கூடிய உச்சம். அதற்கும் முந்திய காலத்து ஆட்டக்காரர் ஒருவர் தொடருக்கு இரண்டு என்று முப்பது ஆட்டத்தை எட்ட வேண்டுமானால் பதினைந்து யூரோ ஆட வேண்டும். இருபது வயதில் தொடங்கினால் எழுபத்தாறில் முடிப்பார். என் வயது.

மேற்கு ஜெர்மனியின் கெர்ட் முல்லரைப் பாருங்கள். 1972-ல் இரண்டு ஆட்டம், நான்கு கோல், கையில் கோப்பை. 1976-ல் அதே நாட்டின் டீட்டர் முல்லர். நாட்டுக்காக ஆடிய முதல் ஆட்டமே அரை இறுதி, அதுவும் 79-வது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். வந்தவர் ஹாட்ரிக் போட்டார், இறுதி ஆட்டத்தில் இன்னொன்று. இரண்டு ஆட்டத்தில் நான்கு. இந்த இரண்டு பேரையும் பட்டியலில் தேடிக் கீழே கீழே போனால், நாலைந்து யூரோ ஆடி அதே நான்கைச் சேர்த்தவர்களோடு ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது இன்னொன்றில். அந்தக் காலத்தில் கால் இறுதி ஆட்டங்கள் சொந்த மண்ணில் ஒன்று, எதிரி மண்ணில் ஒன்று என்று நடந்தன. அவை ‘இறுதித் தொடர்’ கணக்கில் வராது. 1972 ஏப்ரல் 29-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மேற்கு ஜெர்மனி இங்கிலாந்தை 3-1 என்று தோற்கடித்தது. கெர்ட் முல்லர் அதில் ஒரு கோல் போட்டார். யூரோவின் கால் இறுதி! இன்றைக்குக் கால் இறுதியில் போடும் கோல் சாதனைப் பட்டியலில் ஏறும். முல்லர் போட்டது ஏறாது. பெயர் ஒன்றுதான், சுற்று ஒன்றுதான், கோலும் வலைக்குள்தான் போனது.

பிரெஞ்சு படித்தவன் என்ற முறையில் ழுஸ்த் ஃபோந்தேனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1958 உலகக் கோப்பையில் ஆறு ஆட்டத்தில் 13 கோல் போட்டவர். முதல் யூரோவின் கால் இறுதியில், 1959 டிசம்பரில், ஆஸ்திரியாவை பிரான்ஸ் 5-2 என்று வென்றபோது மூன்று கோல் அவருடையது. 1960 மார்ச்சில் கால் முறிந்தது. ஜூலையில் பிரான்சிலேயே நடந்த அரை இறுதியில் அவர் இல்லை. பிரான்ஸ் 4-2 என்று முன்னால் இருந்து, கடைசிக் கால் மணி நேரத்தில் யூகோஸ்லாவியாவிடம் மூன்று கோல் வாங்கி 5-4 என்று தோற்றது. ஃபோந்தேனுக்கு யூரோ சாதனைப் பட்டியலில் என்ன எண் தெரியுமா? எண்ணே இல்லை. பெயரே கிடையாது.

இந்தக் கிழவன் ஏன் இவ்வளவு கோபப்படுகிறான் என்று சிலர் நினைக்கலாம். காரணம் கால்பந்து மட்டும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், மாதாமாதம் யார் எத்தனை கோப்பு பைசல் செய்தார்கள் என்று பட்டியல் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பழக்கம் வந்தது. எங்கள் செக்‌ஷனில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் பத்திரங்கள், வாரிசுச் சிக்கல்கள் எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். ஒரு கோப்பைப் பிரித்தால் மூன்று தலைமுறை அதற்குள் படுத்திருக்கும். மாதத்துக்கு ஆறு முடிப்பார், ஏழு முடிப்பார். பக்கத்து மேசையில் வரும் கடிதங்களுக்கு ‘பெறப்பட்டது’ என்று பதில் போடுகிறவர் 180 முடிப்பார். பட்டியலில் ஒருவருக்கு 180, இன்னொருவருக்கு 6. எத்தனை வந்தது, எத்தனை நிலுவை, என்ன வகைக் கோப்பு என்ற பத்திகள் கிடையாது. ஐந்தாவது மாதம் பெரியவருக்கு மெமோ கொடுத்தார்கள். அந்தப் பட்டியலையும் மெமோவையும் தட்டச்சு செய்தது நான்தான். மெமோவை வாங்கிப் படித்துவிட்டு, அதில் இருந்த ஓர் எழுத்துப் பிழையை மட்டும் எனக்குக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டியலில் இன்னும் ஒரு பத்தி சேர்க்கலாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. இருபத்துநான்கு வயது, புது வேலை.

ஆகவே ‘வெறும் விளையாட்டுப் புள்ளிவிவரம்தானே’ என்று யாராவது சொன்னால் எனக்குக் காது அடைத்துவிடுகிறது.

இன்னும் ஒரு பட்டியல் இருக்கிறது, நாடுகளின் பட்டியல். 2024-ல் ஜார்ஜியா ‘முதன்முறையாக’ யூரோவில் ஆடியது என்று எல்லாரும் எழுதினார்கள். உண்மைதான், அந்தப் பெயரில் முதல் தடவை. ஆனால் 1960 ஜூலை 10 அன்று பாரீசின் பார்க் தே பிரேன்ஸ் மைதானத்தில் முதல் யூரோவை வென்ற சோவியத் அணியில் மூன்று ஜார்ஜியர்கள் இருந்தார்கள்: சோகெலி, மெத்ரெவெலி, மெஸ்கி. யூகோஸ்லாவியாவுக்கு எதிராக ஆட்டத்தைச் சமன் செய்தது மெத்ரெவெலியின் கோல். மெஸ்கியின் பெயரில் இன்றைக்கும் திபிலீசியில் ஒரு மைதானம் இருக்கிறது. சோவியத் யூனியன் கணக்கு முழுவதும் இப்போது ரஷ்யாவின் பெயரில் போகிறது. ஜார்ஜியாவின் வரியில் 1960-க்கு நேராக ஒன்றும் கிடையாது.

நாம் புதுச்சேரிக்காரர்கள், இது நமக்குப் புரியும். நான் பிறந்தபோது இது பிரெஞ்சிந்தியா. 1954-ல் கொடி மாறியபோது எனக்கு நாலு வயது. சட்டப்படி மாறியது 1962-ல். பிறப்புப் பதிவு ஒரு அரசாங்கத்தின் மொழியில், ஓய்வூதிய ஆணை இன்னொன்றின் மொழியில். ஆள் ஒருத்தன்தான். கொடி மாறினால் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். பழைய பக்கத்தைக் கிழித்து வேறொருவன் பெயரில் ஒட்டமாட்டார்கள். ஜார்ஜியா 2024-ல் போர்ச்சுகலை 2-0 என்று தோற்கடித்தது, ரொனால்டோ களத்தில் இருந்த ஆட்டம்தான். அவர்களுடைய மிகாவுதாட்சே மூன்று கோலோடு அந்தத் தொடரின் அதிக கோல் பட்டியலில் மற்ற ஐந்து பேரோடு சேர்ந்து முதலிடம். இவர்களைப் ‘புதியவர்கள்’ என்று தட்டிக்கொடுத்தபோது மெஸ்கியின் நினைவு ஒருவருக்காவது வந்திருக்க வேண்டாமா?

(அந்தத் தொடரில் தனி ஆள் எவரும் மூன்றைத் தாண்டவில்லை. சேம் சைடு கோல்கள் மட்டும் பத்து. அதையும் ஒரு ஆட்டக்காரராக எண்ணினால் சாதனைப் பட்டியலே தலைகீழாகிவிடும் என்று பையன் சிரித்தான்.)

ரொனால்டோவைக் குறைத்துப் பேசுவதாக யாரும் கோபிக்க வேண்டாம். ஆறு யூரோ ஆடியவர் வேறு யாரும் இல்லை. அதில் ஐந்தில் கோல் போட்டவரும் வேறு யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் வந்து முப்பத்தொன்பது வயதுவரை அந்த உடம்பைக் காத்தது பெரிய காரியம், அதற்கென்று தனிப் பட்டியல் போடுங்கள், முதல் ஆளாக நான் கைதட்டுகிறேன். நீண்ட சர்வீசுக்கு நம் அலுவலகங்களில்கூடப் பொன்னாடை உண்டு. ஆனால் பொன்னாடையைக் காட்டி, பக்கத்து மேசைக்காரரைவிடக் கெட்டிக்காரர் என்று சான்றிதழ் வாங்கக் கூடாது.

நான் கேட்பது அதிகம் இல்லை. கோலுக்குப் பக்கத்தில் ஆட்டம் என்று ஒரு பத்தி. நான்கு அணி, எட்டு அணி, பதினாறு, இருபத்துநான்கு என்று காலத்தைப் பிரித்து நான்கு தாள். பழைய கால் இறுதிகளுக்கு ஒரு பின்னிணைப்பு. பெயர் மாறிய நாடுகளுக்கு அடிக்குறிப்பு. ஒரு நல்ல யூ.டி.சி. இரண்டு நாளில் முடித்துவிடுவார்.

திங்கட்கிழமை ராத்திரி பையன் தன் மடிக்கணினியில் அப்படி ஒன்றைப் போட ஆரம்பித்தான். செவ்வாய்க்கிழமை காலை காபி குடிக்கும்போது வந்து கேட்டான்: “ஃபோந்தேனை எந்த வரியில போடறது தாத்தா? இறுதித் தொடர்ல ஆட்டம் சைபர், கோல் சைபர். வகுக்க முடியலை.”

“பின்னிணைப்புல போடு, கோல் மூணுன்னு எழுது,” என்றேன். “பக்கத்துல ‘கால் முறிவு’ன்னு பென்சில்ல ஒரு குறிப்பு.”

“கம்ப்யூட்டர்ல பென்சில் இல்லை தாத்தா.”

சாம்பல் நிறத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.