அந்த ஃபைல் யார் பெயரில் இருக்கிறது?

இணையதளம் திறக்காமல் 'பர்மிஷன் டினைட்' என்று முரண்டு பிடித்தால், பலருடைய விரல்கள் தாமாகவே ஃபைலின் அனுமதிக்கு 777 என்று அடிக்கின்றன. தளம் ஓடத் தொடங்கியதும் எழுந்து போய்விடுகிறார்கள். இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். ஆனால் அதைவிட எனக்குக் கவலை தருவது, 777 தவறு என்று தெரிந்தவர்கள் அதற்குப் பதிலாகச் செய்யும் காரியம்தான். தளத்தின் மொத்த ஃபோல்டரையும் ஒரே கமாண்டில் வெப் சர்வரின் பெயருக்கு மாற்றிவிடுகிறார்கள்.

எண் கணக்கு எளியது. படிக்க 4, எழுத 2, இயக்க 1, மூன்றும் சேர்ந்தால் 7. முதல் இலக்கம் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்ற எல்லோருக்கும். மூன்று இலக்கமும் 7 என்றால் அந்த மெஷினில் ஓடும் எந்த ப்ராசஸும் அந்த ஃபைலைத் திருத்தலாம். இதன் ஆபத்தைச் சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும். உரிமையாளர் யார் என்ற கேள்விதான் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

அப்பாச்சி வெப் சர்வரை எடுத்துக்கொள்வோம். 1024க்குக் கீழுள்ள போர்ட்டுகளைத் திறக்க யூனிக்ஸ் மரபில் ரூட் அதிகாரம் வேண்டும். 80, 443 இரண்டும் அதில் அடக்கம். எனவே அது ரூட்டாகத் தொடங்கி, போர்ட்டையும் லாக் ஃபைலையும் திறந்துவிட்டு, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை அதிகாரம் குறைந்த யூசரின் பெயரில் ஓடும் துணை ப்ராசஸ்களிடம் ஒப்படைக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த யூசர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. 2002இல், ரிமோட் லாகினுக்கான ஓபன்எஸ்எஸ்எச்சும் இதே வழிக்கு வந்தது. இன்னார் என்று உறுதியாகாத ஆளிடம் பேசும் பகுதியைப் பிரித்து, அதிகாரமில்லாத தனி ப்ராசஸாக ஓடவிட்டது. வெளியாளோடு பேசும் ப்ராசஸ் ஏமாந்துபோனாலும் இழப்பு சிறியதாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

அத்தனை கவனமாகப் பிரித்து வைத்ததைத்தான், மொத்த ஃபோல்டரையும் வெப் சர்வரின் பெயருக்கு மாற்றும் அந்த ஒரு கமாண்ட் குலைத்துவிடுகிறது. வேர்ட்பிரஸ் ப்ளக்இன் ஒன்றில் ஓட்டை விழுந்து யாரோ உள்ளே வந்தால், அவர் கைக்குக் கிடைப்பது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவின் அதிகாரம். பிஎச்பி ஃபைல்கள் எல்லாம் அந்தப் பெயரிலேயே இருந்தால், அவற்றை அவர் திருத்தி எழுதலாம். பின்வாசலும் வைத்துவிட்டுப் போகலாம். 444 ஆக்கி எழுதுவதைத் தடுத்துவிட்டேனே என்று சிலர் கேட்பார்கள். உரிமையாளர் தன் ஃபைலின் அனுமதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமே! இன்னொன்றும் உண்டு. ஒரு ஃபைலை அழிக்கலாமா என்று முடிவு செய்வது அந்த ஃபைலின் அனுமதி அல்ல, அது இருக்கும் ஃபோல்டரின் எழுதும் அனுமதி. பிறருடைய ஃபைலை நீக்கவிடாமல் தடுக்கும் ஸ்டிக்கி பிட் இல்லாத ஃபோல்டரில் எழுத முடிந்தவர், ரூட்டின் ஃபைலைக்கூட நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம்.

ஆகவே என் வழி இது: நிரல் முழுவதும் அதை ஏற்றுகிற தனி யூசரின் பெயரில் இருக்கட்டும், வெப் சர்வர் குழுவாக மட்டும் இருக்கட்டும். ஃபோல்டருக்கு 750, ஃபைலுக்கு 640. படங்கள் ஏறும் ஃபோல்டரிலும் கேஷிலும் மட்டும் சர்வர் எழுதட்டும். அங்கே பிஎச்பி ஓடாதபடி கான்ஃபிகரேஷனில் தடுத்துவிடுங்கள். இப்படி வைத்தால் வேர்ட்பிரஸை உள்ளிருந்தபடியே ஒரு கிளிக்கில் அப்டேட் செய்ய முடியாது. வசதிக் குறைவுதான், ஆனால் ஏற்றுக்கொள்ளத்தக்க குறைவு. அந்தத் தனி யூசராக நுழைந்து கமாண்ட் வரியில் அப்டேட் செய்துகொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் அதே 'டினைட்' வந்தால் ஃபைலை விட்டுவிட்டு அதற்கு மேலே போகும் பாதையைப் பாருங்கள். ஃபோல்டரைப் பொறுத்தவரை 1 என்பது உள்ளே நுழையும் அனுமதி. வழியில் ஒரே ஒரு ஃபோல்டரில் அது இல்லையென்றாலும் ஃபைலின் 777 வீண்தான். உபுண்டு 21.04 முதல் புதிய யூசர்களின் ஹோம் ஃபோல்டர் 750 ஆகவே உருவாகிறது. தளத்தை அதற்குள் வைத்தவர்கள் பலர் தடுமாறுவது இதனால்தான். 'நேம்ஐ' கமாண்டை 'எல்' ஆப்ஷனோடு ஓட்டினால், பாதையின் ஒவ்வொரு படியும் யார் பெயரில், என்ன அனுமதியில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்.

இன்றே உங்கள் தளத்தின் ஃபோல்டரில், டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவின் பெயரில் உள்ள ஃபைல்களை 'ஃபைண்ட்' மூலம் பட்டியலெடுங்கள். பதிவேற்ற ஃபோல்டருக்கும் கேஷுக்கும் வெளியே ஏதாவது தென்பட்டால், வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.