முகம் சாட்சியாகாது



டீப்ஃபேக் மோசடியிலிருந்து தப்புவதற்கென்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அறிவுரை உலவுகிறது. பேசுபவரின் கண் இமைக்கிறதா, உதடும் ஒலியும் ஒத்துப்போகின்றனவா என்று உற்றுப் பாருங்கள் என்பதே அது. இதைக் கைவிட வேண்டும் என்கிறோம். போலியின் தரம் நாளுக்கு நாள் உயர்ந்து வருகிறது. கண்ணில் குறை எதுவும் படாதபோது, ‘நன்றாகப் பார்த்துவிட்டோம், உண்மைதான்’ என்ற பொய்யான நிம்மதியை இந்த அறிவுரை தந்துவிடுகிறது.

2023 ஜூலையில் கோழிக்கோட்டில் நடந்ததைப் பாருங்கள். ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவருக்கு, முன்னாள் சக ஊழியரின் பெயரில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உறவினரின் அறுவை சிகிச்சைக்கு 40,000 ரூபாய் தேவை என்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. பேச வேண்டும் என்றார்; வீடியோ அழைப்பு வந்தது. நண்பரின் முகமே வந்தது. பணம் போனது. மீண்டும் பணம் கேட்டபோதுதான், நண்பரின் பழைய எண்ணைத் தேடி அழைத்தார். நண்பருக்கு எதுவும் தெரியாது!

2024இல் வெளிச்சத்துக்கு வந்த ஹாங்காங் மோசடி இதைவிடப் பெரிது. அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், தமக்கு வந்த மின்னஞ்சலை முதலில் சந்தேகித்தார். நிதித் தலைவரும் சக ஊழியர்களும் தோன்றிய வீடியோ கூட்டம் அந்தச் சந்தேகத்தைப் போக்கியது. தோன்றியவர்கள் போலிகள். சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் பறிபோனது.

இவ்விருவரையும் பேராசைக்காரர்கள் என்று சொல்ல முடியுமா? ஒருவர் நண்பருக்கு உதவினார். மற்றவர் தம் கடமையைச் செய்தார். ஏமாந்தவரை எள்ளி நகையாடும் நம் வழக்கம், அடுத்து ஏமாறுபவரை வாய் திறக்கவிடாமல் செய்கிறது. அந்த மௌனம் மோசடிக்காரனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம்.

சரியான வழி நமக்குப் புதிதன்று. வாசகம் அழகாக இருக்கிறது, கருத்து நல்லதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தச் செய்தியையும் நபி (ஸல்) அவர்களின் சொல்லாக ஹதீஸ் கலை அறிஞர்கள் ஏற்றதில்லை. யார் யாரிடம் கேட்டார், அவர்கள் சந்தித்திருக்க முடியுமா, நேர்மையும் நினைவாற்றலும் உள்ளவர்களா என்று அறிவிப்பாளர் தொடரை விசாரித்தார்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. இத்தகைய மரபுக்கு உரிய சமுதாயம், தாடியும் தொப்பியும் தெரியும் வீடியோ ஒன்று நன்கொடை கேட்டதும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வது வெட்கக்கேடு.

ஆகவே, முகத்தை அல்ல, தொடரை விசாரியுங்கள். வளைகுடாவில் இருக்கும் மகனின் குரலில், ‘போலீஸ் பிடித்துவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள்’ என்று புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், அது அறுந்த தொடர். மூன்று விநாடி ஒலிப்பதிவைக் கொண்டே ஒருவரது குரலைப் போலச் செய்யும் கருவியை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். அழைப்பைத் துண்டியுங்கள். முன்பே உங்களிடமுள்ள எண்ணில் மகனை அழையுங்கள். கிடைக்காவிட்டால் அவருடைய அறைத் தோழரைக் கேளுங்கள். வீட்டார் மட்டுமே அறிந்த ஒரு சொல்லை இன்றே பேசி வையுங்கள். ‘யாரிடமும் சொல்லாதே, உடனே அனுப்பு’ என்பவர் உங்களை விசாரிக்கவிடாமல் தடுக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல், இந்தியாவில் இருப்போர் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. கோழிக்கோட்டில் பறிபோன தொகையைக் காவல்துறை மீட்டது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். ரமளானில் ஜகாத் கேட்டு வரும் வீடியோக்களின் உண்மையை விசாரித்துச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். ஜும்ஆ பயானில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். மக்களின் பணம் அமானிதம் என்று மேடையில் பேசினால் போதாது. அதைக் காக்கும் வழியையும் கற்றுக்கொடுக்க வேண்டும். விசாரிப்பது அவநம்பிக்கை அல்ல. நமக்கு இடப்பட்ட கடமை.