முழுதாய்ப் பதியும் பாதம்

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் செம்மண் தோட்டங்கள். வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறிவிட்டு ஏறுகிறவரின் காலடி ஈர வரம்பில் அச்சாய்ப் பதியும். சிலரின் அச்சில் உட்பக்கம் வெறுமையாக இருக்கும். சிலரின் பாதமோ குதியிலிருந்து விரல்வரை முழுதாய்ப் பதியும். நாற்பது வருடமாய் அந்த வரம்புகளில் நடந்து வருகிறேன். முழுதாய்ப் பதிகிற கால்காரர், மற்றவரைவிட அதிகமாய்க் கால் உளைகிறது என்று சொன்னதாய் எனக்கு நினைவில்லை.

இப்போது அந்த அச்சுக்கு ஒரு நோய்ப் பெயர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்து வயது மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். குளித்துவிட்டு ஓடியவனின் ஈரக்கால் சீமெந்துத் தரையில் முழுசாய்ப் பதிந்ததாம்.

"மாமா, இவனுக்கு உள்ளங்காலிலை குழியே இல்லை. கனடாச் சித்தி இன்சோல் வாங்கி அனுப்புறாவாம். இப்பவே சப்பாத்துக்குள்ளை வைச்சால்தானாம் குழி விழும்."

"நொண்டுறானோ?"

"இல்லை."

"கால் நோகுது எண்டுறானோ?"

"அவனை ஓடிப் பிடிக்கேலாது மாமா."

"அப்ப ஆருக்கு வருத்தம்?"

தட்டைப் பாதம் என்றாலே நோய், நடுவில் மேடு எழுப்பிய மெத்தை ஒன்றைச் சப்பாத்துக்குள் வைத்தால் அந்த நோய் மாறும்: இந்த இரண்டையும் படித்தவர்களே அதிகம் நம்புகிறார்கள். முதல் நம்பிக்கைக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தவர்களும் ஒரு காரணம். தட்டைக் காலர்கள் தொலைதூரம் நடக்கமாட்டார்கள் என்று பல நாட்டுப் படைகள் அவர்களைத் திருப்பி அனுப்பின. ஆனால் கனடாப் படையினர் 3,600 பேருக்கு மேற்பட்டோரின் கால்களை ஆராய்ந்து ஹாரிஸ், பீத் என்ற இருவர் 1947இல் வெளியிட்ட அறிக்கை, வளைந்து கொடுக்கும் சாதாரணத் தட்டைப் பாதம் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை என்றே கண்டது.

பிள்ளைகள் விசயத்தில் கதை இன்னும் வேடிக்கை. கைக்குழந்தைகள் ஏறக்குறைய எல்லாருக்கும் பாதம் தட்டைதான். உள்ளங்காலில் கொழுப்புத் திரண்டிருக்கும், மூட்டுகளைக் கட்டும் நார்கள் தளர்வாக இருக்கும். பத்து வயதுக்குள் பெரும்பாலானோருக்குக் குழிவு தானாகத் தெரியத் தொடங்கிவிடும். மூன்று வயதில் இன்சோல் வைத்து எட்டு வயதில் குழிவைக் கண்டு மெச்சுவது, ஐப்பசியில் கிணற்றடியில் விளக்கு வைத்துவிட்டுக் கார்த்திகையில் தண்ணீர் ஏறியதற்கு அந்த விளக்கே காரணம் என்பது மாதிரி.

இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். தட்டைப் பாதப் பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்குத் திருத்தச் சப்பாத்து, சிலருக்குக் காலுக்கேற்ப வார்த்த இன்சோல், சிலருக்கு ஒன்றுமே இல்லை என்று மூன்று வருடம் விட்டார்கள். கடைசிவரை நின்றவர்கள் 98 பேர். எல்லாக் கூட்டத்திலும் பாதம் ஒரே அளவில்தான் தேறியிருந்தது. வெங்கர் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1989இல் அதை எழுதினார்கள்.

நம்மூருக்கு நெருக்கமான கணக்கு இந்தியாவிலிருந்து வந்தது. 1992இல் பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் காலச்சுகளைப் பார்த்தார்கள். காலணி போட்டவர்களில் 8.6 வீதம் தட்டை, வெறுங்காலர்களில் 2.8 வீதம். விரல் மூடிய சப்பாத்துக்காரரில்தான் அதிகம், செருப்புக்காரரில் குறைவு. இதை மட்டும் வைத்துச் சப்பாத்தைக் குற்றவாளியாக்க முடியாது. பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றி எறியுங்கள் என்றும் சொல்லவில்லை, ஒழுங்கையில் முள்ளும் போத்தல் ஓடும் கிடக்கின்றன. ஆனால் பின்னேரத்திலாவது முற்றத்து மண்ணில் வெறுங்காலோடு விடலாம்.

இன்சோலே வீண் என்கிறேனா? இல்லை. நாள் முழுக்க நின்று படிப்பிக்கிற ஆசிரியைக்குப் பாதத்தின் உட்புறம் உளைந்தால் அந்த மெத்தை ஆறுதல் தரலாம், தந்தால் போடட்டும். தலையில் கடகம் சுமப்பவர் சும்மாடு வைப்பதில்லையா? சும்மாடு கழுத்தை நிமிர்த்துவதில்லை, சுமை உறுத்தாமல் பார்க்கிறது. அதுதான் இன்சோலின் வேலையும். ஆனால் இன்சோல் விற்கும் யாழ்ப்பாணக் கடையொன்றில் ஒரு தம்பி என்னையும் கண்ணாடித் தட்டில் ஏற்றி, "ஐயா, உங்களுக்கு வளைவு போதாது" என்றார். அறுபது வருடம் நடந்த பிறகு!

பயப்பட வேண்டிய கால்களைக் கடைக்காரர் சொல்லமாட்டார். நுனிக்காலில் நின்றாலும் குழிவு எழும்பாத, விறைத்து நோகிற பாதத்தில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். நடுவயதில் ஒரு கால் மட்டும் புதிதாய்த் தட்டையாகி உட்கணுக்கால் வீங்கினால், பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாணில் பழுது இருக்கலாம். எல்லாவற்றிலும் மோசம், சலரோகக்காரரின் பாதம் சிவந்து, சூடேறி, வீங்குவது. பெரிதாய் நோவே இல்லாமல் உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வீட்டுக்கு வீடு சலரோகம் உள்ள நம்மூரில் இதைப் பற்றிக் கதைப்பார் இல்லை. சுகமாய் ஓடுகிற பையனின் ஈரக்கால் அச்சைப் பார்த்துத்தான் பதறுகிறோம்.

பக்கத்து வீட்டுப் பையனை அலுமாரிக்கு முன்னால் விட்டு, மேல்தட்டு விசுக்கோத்துப் பேணியை எட்டி எடுக்கச் சொன்னேன். நுனிக்காலில் எம்பினான். குதி உள்ளே திரும்ப, உள்ளங்காலில் நல்ல குழிவு ஒன்று எழும்பியது. தாய் குனிந்து பார்த்தாள்.

"அப்ப சித்திக்கு என்ன சொல்றது, மாமா?"

"சொக்லேட் அனுப்பச் சொல்லுங்கோ அம்மா" என்றான், பேணியைத் திறந்தபடி.