சுரங்கம் மூடிய இடத்தில் மாடு மேயட்டும்

நிலக்கரிப் பிரதேசத்துக்குப் பிழைக்க வந்த நமக்குச் சுரங்கம் திறப்பதைப் பற்றி எல்லாம் தெரியும். மூடுவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கரி தீர்ந்ததும் யந்திரங்கள் வேறு குழிக்குப் போய்விடும். ஒர்க்‌ஷாப் கொட்டகையின் தகரத்தை யாராவது பெயர்த்துக்கொண்டு போவார்கள். குழியில் தண்ணீர் நிற்கும். சுற்றிலும் உள்ள மண்மேடுகளில் நாலு வரிசை மரக்கன்று நட்டுப் படம் பிடித்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

அந்த இடத்தை மேய்ச்சலுக்கும் பால் பண்ணைக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சுரங்கம் வந்தபோது பட்டா வைத்திருந்தவருக்கு நஷ்டஈடு கிடைத்தது, சிலருக்கு வேலையும் கிடைத்தது. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை நம்பி இரண்டு மாடு வைத்திருந்தவருக்கு என்ன கிடைத்தது? அந்த மாடுகள்தான் இன்று சைடிங் ஓரத்தில் மேய்ந்து வண்டியில் அடிபடுகின்றன. அவற்றை அப்புறப்படுத்தும் பாவம் கேங்மேன்கள் தலையில்.

2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றமே, சுரங்கம் தோண்டி முடித்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனம் விளையும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று குத்தகையில் நிபந்தனை சேர்க்கச் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை, கரி எடுத்த நிலங்களை என்னென்ன வேலைகளுக்குக் குத்தகை விடலாம் என்று ஒரு பட்டியலுக்கு ஒப்புதல் தந்தது. சூரிய மின்சாரம் உண்டு, கரியிலிருந்து வாயு எடுப்பது உண்டு, ஈடுகட்டும் காடு வளர்ப்பும் உண்டு. மேய்ச்சலைக் காணோம்!

எஞ்சினீயர் கண்ணால் பார்த்தாலும் புல்தான் பொருத்தம். புதிதாகப் போட்ட மண்கரையில் ரயிலை உடனே முழு வேகத்தில் விடமாட்டோம். மழை பெய்து கரை இறுகட்டும் என்று காத்திருப்போம். குழியை நிரப்பிய மண் அதைவிடப் பன்மடங்கு ஆழம். பல வருஷங்கள் அமுங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் கட்டடம் எழுப்பினால் வெடிக்கும். புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, கடைசியில் அதை மேலே பரப்ப வேண்டும். கொழுக்கட்டைப் புல்லோடு முயல் மசாலையும் கலந்து விதைத்தால், அது காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும்.

பண்ணைக்கு வேண்டியதில் பாதி அங்கேயே இருக்கிறது. டம்பர் ஓடிய அகலமான சாலையில் பால் வண்டி போகாதா? டம்பர் நிறுத்திய கொட்டகையில் எத்தனை மாடு கட்டலாம்! மின் இணைப்பு, பம்பு, எடைமேடை எல்லாம் தயார். எடைமேடையில் வைக்கோல் லாரியையும் நிறுக்கலாம். அமெரிக்காவில் 1977-ஆம் வருஷச் சட்டப்படி, நிலத்தின் பிற்காலப் பயனுக்கு உதவுமானால் சாலையையும் குளத்தையும் அனுமதி பெற்று விட்டுவைக்கலாம். வயோமிங் மாநிலத்தில் கரி எடுத்த நிலம் மறுபடி மேய்ச்சலுக்குத் திரும்பியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் சீர்செய்த சுரங்க நிலத்தில் மாடுகளை விட்டு எடை போட்டே பார்த்தார்கள். நன்றாகவே தேறின.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது. 1916 முதல் பூமிக்கடியில் நெருப்பு கனியும் ஜரியாவில் மாட்டை விட முடியுமா? நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. அங்குள்ள சயனைடு மேடுகளில் புல் முளைத்தாலும் மாடு வாய் வைக்கக் கூடாது. கந்தகம் மிகுந்த அஸ்ஸாம், மேகாலயா கரிக் குழிகளின் தண்ணீரும் அப்படித்தான். மண்ணையும் நீரையும் சோதித்த பிறகு, குழி விளிம்பில் வேலி போட்டுத்தான் மாட்டை இறக்க வேண்டும்.

பணம் எங்கே என்பார்கள். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2009-இலேயே விதி வந்துவிட்டது. மூடும் திட்டம் எழுதி, அதற்கான தொகையை வருஷா வருஷம் தனிக் கணக்கில் கட்டி வர வேண்டும். அந்தத் திட்டத்திலேயே கொட்டகையும் பம்பும் எந்தக் கிராமத்துப் பால் சங்கத்துக்கு என்று எழுதிவிட வேண்டும். கடைசி லாரி போன பிறகு கேட்டால் தகரம்கூட மிஞ்சாது. சுரங்கங்களில் பணியாற்றும் நமது சங்க அன்பர்கள், தங்கள் சுரங்கத்தின் மூடும் திட்டத்தில் நிலப் பயன் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள்.