வான்வழியும் மலைவழியும்

திருச்சிராப்பள்ளிக்கும் பலாலிக்கும் இடையே 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் விமான சேவை தொடங்கியபோது, "இனி ஒரு மணி நேரத்திற் போய்விடலாம்" என்ற பேச்சு எங்கும் எழுந்தது. நாமும் மகிழ்ந்தோம். ஆயினும், அவ்வொரு மணி நேரம் யாருக்குரிய கணக்கு என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும். நம் கல்லூரி அன்னையின் புதல்வர் பலர் அட்டனிலும் நுவரெலியாவிலும் ஆசிரியராயும் தோட்ட லிகிதராயும் பணிபுரிந்தவர். ஆதலின், மலையகத்தார் சார்பில் இதனைப் பேசுதல் இம்மலருக்குப் புறம்பானதன்று.

பலாலியிலிருந்து திருச்சிக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 185 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து ஏறக்குறைய 415 கிலோமீற்றர். தூரம் இருமடங்கினும் மிகுதி. பறப்பு நேரமோ இரண்டிற்கும் ஏறத்தாழ ஒரு மணியே. விமானம் ஓடுபாதையில் ஊர்ந்து மேலெழவும், பின் தாழ்ந்து இறங்கவும் வேண்டும் நேரம் தூரத்தைப் பொறுத்துப் பெரிதும் வேறுபடுவதில்லை. அன்றியும், பலாலிக்கு வருவது மணிக்கு 500 கிலோமீற்றர் அளவிற் செல்லும் காற்றாடி விமானம். கட்டுநாயக்காவிலிருந்து செல்வது அதனினும் விரைந்த ஜெற் விமானம். எனவே, வானத்திலே குறுந்தூரத்தால் வரும் இலாபம் சொற்பம். உண்மையான வேறுபாடு தரையிலேதான் உளது.

அட்டனிலிருந்து பலாலிக்குக் கண்டி, மாத்தளை, வவுனியா வழியே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு பகலோ ஓரிரவோ முழுதும் கழியும். கட்டுநாயக்காவிற்கும் நாலைந்து மணி நேரம் வேண்டும். லயத்திலிருந்து அட்டனுக்கு வருவதே தனிப் பிரயாணம். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இசைந்தது. அதனால் அண்ணன் அக்கரையிலும் தங்கை இக்கரையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. அண்ணன் இறந்த செய்தி தொலைபேசியில் நொடியில் வருகிறது; விசா கையிலிருப்பினும், தங்கை சென்று சேருமுன் தகனம் முடிந்துவிடுகிறது. அவளுக்கு ஒரு மணிக் கணக்கால் யாது பயன்?

மலையிலேயே விமான நிலையம் அமைக்கலாமே என்பாருமுளர். காசல்ரீ நீர்த்தேக்கத்திலே நீர்விமானம் இறங்கியதுண்டு; அது உல்லாசப் பயணிகளுக்கானது. முகில் மூடும் அம்மலைகள் வான்வழிக்கு இலகுவானவையுமல்ல. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி, கட்டுநாயக்கா நோக்கி வந்த மார்ட்டின் ஏர் விமானம் மஸ்கெலியாவை அடுத்த சப்த கன்னி மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். நிலையத்துக்குள்ள தூரத்தை விமானிகள் குறைவாகக் கணித்துத் தாழ்ந்தமையே காரணம்.

நாம் வேண்டுவது எளியது. தோட்டத்து வீதிகள் செப்பனிடப்படல் வேண்டும். விமானம் வந்து செல்லும் நேரத்துக்கு இயைய அட்டனிலிருந்து இரு நிலையங்களுக்கும் பேருந்துகள் ஓடுதல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலால் மலைச்சரிவுகள் பெயர்ந்து, வீதியும் இருப்புப்பாதையும் அறுந்தபோது, மலையகத்தாருக்கு எந்த விமான நிலையமும் எட்டாத் தூரமாயிற்று. விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தோர் லயத்து வாசலிலிருந்தும் ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக.