ஒன்பதாம் தரத்தோடு நிற்கும் சிங்களம்

வடமராட்சியின் கரவெட்டிப் பிள்ளைக்குச் சிங்களம் எதற்கு, பிரெஞ்சு படித்தால் வெளிநாட்டிலாவது உதவுமே என்கிறார்கள். பிரெஞ்சும் படிக்கட்டும். ஆனால் 1956இன் தனிச் சிங்களச் சட்டம் தந்த காயத்துக்கு ஒரு மொழியைத் தண்டிப்பது நியாயமில்லை.

2007 யூலை முதல் அரச சேவையில் சேர்பவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியிலும், அதாவது தமிழர் சிங்களத்திலும் சிங்களவர் தமிழிலும், தேர்ச்சி பெறவேண்டும். நெல்லியடி டியூட்டரிகளில் கணிதத்துக்கு ஓடிய பிள்ளை, உத்தியோகம் கிடைத்த பிறகா எழுத்துக்கூட்டத் தொடங்குவது?

உண்மையான குறை வேறு. ஆறாம் தரத்தில் தொடங்கும் சிங்களம், சாதாரண தரத்துக்கு வந்ததும் விருப்பப் பாடமாகிவிடுகிறது. பேச்சில் ‘மம யனவா’ (நான் போகிறேன்), ‘எயா யனவா’ (அவர் போகிறார்) என்று வினை மாறாமல் நிற்கும். எழுத்திலோ ‘யமி, யயி’ என்று ஆளுக்கு ஆள் மாறும். இந்தச் சிக்கல் பிடிபடும் முன்பே பலர் பாடத்தை விட்டுவிடுகிறார்கள். வடமராட்சிப் பெற்றோர் கேட்கவேண்டியது, பத்தாம் தரத்திலும் பேசப் பழக்கும் ஓர் ஆசிரியரை.