தலைவிதியா? தாமதமா?

ஒருவன் செத்துப்போய்விட்டால், "அவன் காலம் முடிந்துவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லுவது நம் மக்களுக்கு வழக்கமாகிவிட்டது. இப்படிச் சொல்லுவதால் செத்தவனுக்கு நஷ்டமொன்றுமில்லை. இருப்பவர்களுக்குத்தான் கெடுதி. எப்படியென்றால், சாவுக்குக் காரணம் விதி என்று முடிவு கட்டின இடத்தில் உண்மைக் காரணத்தைத் தேடும் வேலை நின்றுபோகிறது. தேடாத இடத்தில் அதே காரணத்தால் அடுத்த சாவும் வந்து சேருகிறது. இதற்குச் செப்சிஸ் என்னும் கொடிய நிலை நல்ல உதாரணமாகும்.

செப்சிஸ் என்பது என்ன? காலில் புண், நுரையீரலில் சளிக் காய்ச்சல், மூத்திரத் தாரையில் கிருமி, பிரசவத்துக்குப்பின் கருப்பையில் சீழ் ஆகிய இவற்றில் எதிலிருந்தும் அது கிளம்பலாம். கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் சக்தியே கட்டுக்கடங்காமல் போய், சொந்தச் சிறுநீரகத்தையும், ஈரலையும், மூளையையும் கெடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டுக்கே நெருப்பு வைத்தது போன்றதாகும். 2017-ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது கண்டதென்றும், 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டார்களென்றும் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது அவ்வருஷம் நடந்த 5 சாவில் ஏறக்குறைய ஒன்று.

இந்த நிலையில் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பகுதிக்கு வருகிறவர்களில் சிலர் பிழைக்கிறார்கள், சிலர் சாகிறார்கள். ஏன்? காரணங்கள் இரண்டு வகை. வயது முதிர்வு, புற்றுநோய், ஈரல் நோய், வரும்போதே எத்தனை உறுப்புகள் கெட்டிருக்கின்றன, ரத்த அழுத்தம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, ரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பவை ஒரு வகை. வாசற்படியில் வந்து நின்ற பிறகு இவற்றை மாற்ற யாராலும் ஆகாது. ஆனால் நோயை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டார்கள், சரியான கிருமிக்கொல்லி மருந்து எத்தனை மணிக்கு ஏறிற்று, சீழ் இருந்தால் அதை எப்பொழுது வெளியேற்றினார்கள் என்பவை இரண்டாவது வகை. இவை முழுவதும் மனிதர் கையில் இருப்பவை. விதி என்று சொல்லுகிறவர்கள் இந்த இரண்டாவது வகையையும் முதல் வகையோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறார்கள் என்பதே நமது குற்றச்சாட்டு.

2012-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் 12 வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது விழுந்து கையில் சிராய்த்துக் கொண்டான். பிறகு காய்ச்சலும் வாந்தியும் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டான். சில நாட்களில் செப்சிஸால் இறந்தான். பெற்றோர்கள் அழுததோடு நிற்கவில்லை. ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று ஊரறியக் கேட்டார்கள். அதன் பலனாக 2013-ல் அந்த மாகாண அரசாங்கம், ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் செப்சிஸைச் சீக்கிரம் கண்டுபிடித்து வைத்தியம் செய்ய ஒரு முறை வகுத்துக்கொள்ள வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும் என்று விதி செய்தது. தலைவிதி போன இடத்தில் சட்டவிதி வந்தது.

பலன் என்ன? அங்கே 149 ஆஸ்பத்திரிகளில் 49,331 நோயாளிகளின் கணக்கைப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். ரத்தப் பரிசோதனை, லாக்டேட் அளவு, கிருமிக்கொல்லி ஆகிய மூன்றையும் முடிக்க ஆகும் ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் சாவின் வாய்ப்பு நூற்றுக்கு 4 பங்கு வீதம் கூடிப்போவது தெரிந்தது. 2019-ல் வந்த மற்றொரு ஆராய்ச்சியில், அம்மாகாணத்தில் நூற்றுக்கு 26.3 ஆக இருந்த செப்சிஸ் சாவு 22.0 ஆக இறங்கியது தெரிந்தது. சட்டமில்லாத மற்ற மாகாணங்களிலும் சாவு குறையத்தான் செய்தது. ஆனால் ஒத்திட்டுப் பார்த்தபோது அவ்வளவு குறையவில்லை. விதி எழுதினவன் நியூயார்க்காரருக்கு மாத்திரம் தன் எழுத்தை அழித்து வேறு எழுதினானா என்று கேட்கிறோம்.

நிற்க. மேல்நாட்டு வைத்தியர் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதுவும் ஒருவகை மூடபக்திதான். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டு லுசாக்கா நகரத்து ஆஸ்பத்திரியில், செப்சிஸோடு ரத்த அழுத்தமும் தாழ்ந்து வந்த 200 பேருக்குச் சற்று மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம் செய்தார்கள். மற்றதற்கு மேல்நாட்டு முறையைப்போல் நரம்பு வழியாக நீரை அதிகமாக ஏற்றினார்கள். வழக்கமான வைத்தியத்தில் நூற்றுக்கு 33 பேர் இறந்தார்கள். புது முறையில் நூற்றுக்கு 48 பேர் இறந்தார்கள். இந்த முடிவை மறைக்காமல் 2017-ல் வெளியிட்டார்கள். பெரிய இடத்துச் சொல்லானாலும் பரீட்சித்துப் பார், தவறானால் விட்டுவிடு என்பதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை. எந்தச் சாத்திரம் இப்படித் தன் தவறைத் தானே அச்சிட்டிருக்கிறது?

ஆகவே தோழர்களே! காய்ச்சலோடு மேல்மூச்சு வாங்குதல், புத்தி தடுமாறிப் பிதற்றுதல், சிறுநீர் குறைதல், கைகால் சில்லிட்டுத் திட்டுத்திட்டாகுதல் ஆகிய குறிகள் கண்டால் மந்திரிக்கப் போகாதீர்கள், நாள் பார்க்காதீர்கள், விடியட்டும் என்று காத்திராதீர்கள். கிழவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இது வரும். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பதும் காலத்தைக் கொல்லுவதேயாகும். 108-க்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் "இது செப்சிஸாக இருக்குமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஆஸ்பத்திரிகளை நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. அதிர்ச்சி நிலைக்குப் போன செப்சிஸ் நோயாளிக்கு 1 மணி நேரத்துக்குள்ளும், அதிர்ச்சியில்லாமல் சந்தேகம் மாத்திரம் உள்ளவருக்கு விரைவாக விசாரித்து அந்தச் சந்தேகம் தீராவிட்டால் 3 மணி நேரத்துக்குள்ளும் கிருமிக்கொல்லி கொடுக்கவேண்டுமென்று 2021-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி கூறுகிறது. நோயாளி வந்த மணியையும் மருந்து ஏறின மணியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது எவன் தலையிலும் எழுதப்பட்டதல்ல. அது நம்முடைய கணக்கு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாமே.